கிளிகளின் தைராய்டு ஹார்மோன்: எந்த அளவீட்டை நம்புவது?

கேள்வி (ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி வளர்ப்பவர்): என் கிளிக்கு இறகு சரியாக முளைக்கவில்லை, உடம்பும் பருத்துவிட்டது. லேப் அறிக்கையில் டி4 (தைராய்டு சுரக்கும் தைராக்சின் ஹார்மோன்) அளவு "0.5க்கும் குறைவு" என்றிருக்கிறது. தைராய்டு மாத்திரை தொடங்கலாமா?

பதில்: அந்த ஒரே எண்ணை நம்பித் தொடங்க வேண்டாம். மனிதருக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 5 முதல் 12 மைக்ரோகிராம் தைராக்சின் இருப்பது இயல்பு; கிளிகளிடம் அதில் மிகச் சிறு பங்கே இருக்கும். தைராக்சினை இறுகப் பற்றி வைக்கும் குளோபுலின் என்ற புரதம் பறவைகளுக்கு இல்லாததால், அந்த ஹார்மோன் அவற்றின் ரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. ஆகவே, "0.5க்கும் குறைவு" என்ற விடை அந்தக் கருவியால் அதற்குக் கீழே எண்ண முடியவில்லை என்பதைத்தான் சொல்கிறது, நலமாக இருக்கும் கிளியின் ரத்தத்தைக் கொடுத்தாலும் இதே வரி அச்சாகி வரக்கூடும். இறகு கெட்டாலும் தைராய்டு, உடல் பருத்தாலும் தைராய்டு என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது, ஆனால் கிளிகளில் ஐயமின்றி உறுதிசெய்யப்பட்ட தைராய்டு குறைபாடு மிக அரிது. விதை மட்டுமே கொண்ட உணவு, கல்லீரல் கோளாறு, இறகைத் தாக்கும் சர்க்கோவைரஸ் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

கேள்வி (கால்நடை மருத்துவர்): டி4 அளக்கும் முறைகளான ஆர்.ஐ.ஏ. (கதிரியக்கத்தால் அளப்பது), எலைசா (நொதி தரும் நிறத்தால் அளப்பது), கெமிலூமினசென்ஸ் (வேதிவினை தரும் ஒளியால் அளப்பது) ஆகியவற்றுள் எது மேல்?

பதில்: முறையின் பெயரைவிட அதன் கீழெல்லையே, அதாவது அதனால் அளக்க முடிகிற மிகக் குறைந்த அளவே முக்கியம். டி4 மூலக்கூறு எல்லா விலங்குகளிலும் ஒன்றே என்பதால், மனிதருக்கான கிட்டில் உள்ள எதிர்ப்பொருள் கிளியின் டி4யையும் பிடித்துவிடும். சிக்கல் கிட்டின் அளவுகோல் தொடங்கும் இடத்திலும், ஹார்மோனைப் புரதத்திலிருந்து பிரிப்பதற்காகச் சேர்க்கும் வேதிப்பொருள் பறவைப் பிளாஸ்மாவில் (ரத்த அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதியில்) எப்படி வேலை செய்கிறது என்பதிலும்தான் இருக்கிறது. தானியங்கிக் கெமிலூமினசென்ஸ் கருவிகள் விரைவானவை, ஆனால் மனித அளவுகளுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றுள் பயோட்டின் என்ற வைட்டமினின் பிணைப்பைப் பயன்படுத்தும் கிட்களில், இறகு வளர வேண்டி பயோட்டின் கொடுக்கப்பட்ட பறவையின் டி4 பொய்யாக உயர்ந்து தெரியலாம். கதிரியக்க அயோடின்-125 கொண்டு அளக்கும் ஆர்.ஐ.ஏ.யைக் குறைந்த அளவுகளுக்கு ஏற்றவாறு மாற்றியமைக்க முடியும். கிளிகளுக்கும் பாம்புகளுக்கும் அவ்வாறு சரிபார்க்கப்பட்ட உயர்நுண்மை முறை 2001இல் வெளியானது. மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் நிறை நிறமாலை முறை இவை எல்லாவற்றிலும் துல்லியமானது, செலவும் கூடுதல்.

கையில் எது இருந்தாலும், ஒரே பறவையின் அளவுகளை ஒரே லேபில், ஒரே முறையில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

கேள்வி (முதுநிலை மாணவி): மனிதருக்கான எலைசா கிட் எங்கள் கிளிகளுக்குப் பொருந்துகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: பல பறவைகளின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து, இரண்டிரண்டு மடங்காக நீர்த்து, கிடைக்கும் கோடு கிட்டின் தரக்கோட்டுக்கு (தெரிந்த அளவுகளைக் கொண்டு வரையும் கோட்டுக்கு) இணையாகச் செல்கிறதா என்று பாருங்கள். கிளிகளின் டி4 மிகக் குறைவு என்பதால், இரண்டாம் நீர்ப்பிலேயே அளவு எல்லைக்குக் கீழே போய்விடும். எனவே, தெரிந்த அளவு டி4 சேர்த்த பிளாஸ்மாவையும் அதே வரிசையில் நீர்த்து, சேர்த்ததில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று கணக்கிடுங்கள். ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப அளந்து விலகலைப் பார்ப்பதும் கட்டாயம்.

கேள்வி: தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளந்தால் போதாதா?

பதில்: போதாது. டி.எஸ்.எச். புரத ஹார்மோன், இனத்துக்கு இனம் அதன் அமைப்பு வேறுபடும் என்பதால், மனிதருக்கோ நாய்க்கோ செய்த கிட் தரும் எண்ணைக் கிளியில் நம்ப முடியாது. வெளியிலிருந்து டி.எஸ்.எச். செலுத்தி, முன்னும் பின்னும் டி4யை அளந்து, சுரப்பி அதை உயர்த்துகிறதா என்று பார்ப்பதே நம்பகமான வழி.

கேள்வி: 35 கிராம் எடையுள்ள பட்ஜி (சிறு கிளி வகை) மூச்சு விடும்போது கீச்சொலி வருகிறது, உணவையும் கக்குகிறது. விதை மட்டும்தான் தின்கிறது. ரத்தம் எடுக்கலாமா?

பதில்: உடல் எடையில் ஒரு விழுக்காடு என்ற பாதுகாப்பு எல்லைப்படி, 0.35 மில்லிலிட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது. அதில் பிளாஸ்மா பாதிதான் தேறும், பல கிட்களுக்கு இரட்டை அளவீட்டுக்கே அது பற்றாது. நீங்கள் சொல்வது அயோடின் குறைவால் வீங்கிய தைராய்டு, மூச்சுக்குழலையும் தீனிப்பையையும் அழுத்துவதைப் போலத் தோன்றுகிறது. பறவையை நேரில் பார்த்த மருத்துவர் அதை உறுதிசெய்தால், அவர் சொல்லும் அளவில் அயோடின் கொடுத்து உணவை மாற்றுங்கள். இதற்கு ஹார்மோன் அளவீடு தேவைப்படாது.