சையித் குதுபை எந்த வரிசையில் வாசிப்பது?

கேள்வி: அரபு இலக்கிய வரலாறு படிக்கிறேன். சையித் குதுப் நாவல் விமர்சகராக எழுதியதும் இஸ்லாமியவாதச் சிந்தனையாளராக எழுதியதும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: எழுதிய ஆண்டு வரிசையில் படியுங்கள். பலரும் 1964-இல் வந்த 'மஆலிம் ஃபித் தரீக்' (பாதையின் மைல்கற்கள்) என்ற தீவிர இஸ்லாமியவாத நூலை முதலில் எடுத்துவிட்டு, அந்த ஆளையே 1930-களிலும் தேடுகிறார்கள். அங்கே அவர் இல்லை.

அப்போது அவர் கெய்ரோவில் எகிப்திய எழுத்தாளரும் விமர்சகருமான அக்காதின் சீடர். 1938-இல் 'அர்-ரிஸாலா' இதழில் மறைந்த எழுத்தாளர் ராஃபியீயின் ஆதரவாளர்களுடன் அக்காதுக்காக மல்லுக்கட்டினார். இலக்கியத்தை மத அளவுகோலால் அளக்க வந்தவர்களை அன்று அவர் ஏற்கவில்லை. 1944-இல் அதே இதழில் எகிப்திய எழுத்தாளர் நஜீப் மஹ்ஃபூஸின் 'கிஃபாஹ் தீபா' நாவலை மனம் திறந்து பாராட்டினார். குர்ஆனின் கலைச் சித்திரிப்பைப் பற்றிய நூல் 1945-இல் வந்தது. அதை இலக்கிய விமர்சனமாகவே படிக்க வேண்டும். 1946-இல் வந்த கிராமத்து நினைவுநூலை எழுத்தாளர் தாஹா ஹுசைனுக்குச் சமர்ப்பித்தார்.

'அமெரிக்கா போய்த்தான் மாறினார்' என்பதை அப்படியே நம்பாதீர்கள். 'இஸ்லாமில் சமூக நீதி' அச்சில் வந்தது 1949-இல்தான். ஆனால் 1948 இறுதியில் கப்பல் ஏறுமுன்பே எழுதி முடித்துவிட்டார்.

பெரிய சிக்கல் பதிப்புகளில்தான். 'சமூக நீதி'யை அவர் திரும்பத் திரும்பத் திருத்தினார். 1949 பதிப்பும் 1964 பதிப்பும் வாதத்திலேயே வேறுபடும். 'ஃபீ ழிலாலில் குர்ஆன்' என்ற அவருடைய குர்ஆன் விரிவுரையில் இன்னும் கவனம் தேவை. 1954-க்குப் பின் சிறையில் இருந்தபோது முதல் 13 ஜுஸ்உகளை (குர்ஆனின் முப்பது பாகங்களில் ஒவ்வொன்றும் ஒரு ஜுஸ்உ) திருத்தி எழுதினார். மீதிக்கு அந்தத் திருத்தம் நடக்கவில்லை. ஆகவே இன்று கடையில் கிடைக்கும் தொகுப்பில், தொடக்கப் பக்கங்கள்தான் காலத்தால் பிந்தியவை, தீவிரம் கூடியவையும் அவையே. பக்க வரிசையிலேயே படித்துப்போனால், கடைசியில் அவர் மிதமாகிவிட்டார் என்ற தலைகீழ் முடிவுக்கு வந்துவிடுவீர்கள். 'மஆலிம்' நூலின் அத்தியாயங்களில் நான்கு இந்த விரிவுரையிலிருந்து எடுத்தவைதான்.

மேற்கோள் குறிக்கும்போது நூற்பெயரோடு நிறுத்தாமல் பதிப்பு ஆண்டையும், விரிவுரையானால் ஜுஸ்உ எண்ணையும் எழுதுங்கள். மொழிபெயர்ப்பில் படிப்பவர்கள் மூலப் பதிப்பு எது என்று முன்னுரையில் பாருங்கள். அது சொல்லப்படாத மொழிபெயர்ப்பை வைத்து 'குதுபின் கருத்து மாறியது' என்று வாதிட முடியாது.

மஹ்ஃபூஸின் 'அல்-மராயா'வை (1972) கடைசியில் படியுங்கள். அதில் வரும் அப்துல் வஹ்ஹாப் இஸ்மாயீல் பாத்திரம் குதுபை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. குதுப் தூக்கிலிடப்பட்ட 1966-க்குப் பிந்தைய நாவல் என்பதால், 1940-களுக்கு அதைச் சான்றாகக் காட்ட வேண்டாம்.