மழைவெள்ளத்தில் மூழ்கிய கோல்ஃப் கார்ட்: கேள்வி பதில்

முடிச்சூர், குடியிருப்பு நிர்வாகி: சார், பேஸ்மெண்ட்ல சீட் வரைக்கும் தண்ணி நின்னுச்சு. 48 வோல்ட் வண்டி, 8 வோல்ட் பேட்டரி ஆறு. தண்ணிய இறைச்சாச்சு. சார்ஜ் போட்டுப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம் சார். சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். வெறும் ஈரத்தில் துரு மெதுவாகத்தான் ஏறும். ஈரத்தோடு 48 வோல்ட்டும் சேர்ந்தால் செம்பு முனைகள் பச்சை பூத்து மளமளவென்று அரிக்கும். வண்டி சும்மா நிற்கும்போதும் இது நடக்கும். அதனால் பேட்டரியைப் பிரிப்பதுதான் முதல் வேலை. சீட்டுக்கு அடியில் ரன்/டோ சுவிட்ச் (ஓட்ட, கட்டி இழுக்க என்று மாற்றுவது) இருந்தால் டோவில் வையுங்கள். வயரிங்கைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மோதிரம், வாட்சைக் கழற்றிவிட்டு, ஸ்பேனர் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றி, மெயின் நெகட்டிவ் கேபிளை முதலில் எடுங்கள். கன்ட்ரோலரின் (மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். மீட்டரில் வோல்டேஜ் இறங்கியதைப் பார்த்த பிறகே அதைத் தொடுங்கள்.

சேற்றைக் குழாய்த் தண்ணீரில் மெதுவாகக் கழுவினால் போதும். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன் சேற்றை பேரிங்குக்குள்ளும் கனெக்டருக்குள்ளும் தள்ளிவிடும்.

வேளச்சேரி வாசகர்: பேட்டரி தேறுமா அண்ணா?

மூடிக்கு மேல் தண்ணீர் ஏறியதா என்பதைப் பொறுத்தது தம்பி. ஏறவில்லை என்றால் 1 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் ஆப்பசோடா கரைத்து மேல்பாகத்தைத் துடைத்து, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும். சோடா உள்ளே போனால் ஆசிட் கெட்டுவிடும். ஏறியிருந்தால் வெள்ளநீரின் குளோரைடும் இரும்பும் உள்ளே போயிருக்கும், சார்ஜ் தானாகவே இறங்கும். ஒவ்வொரு பேட்டரியாகத் தனியே, காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் செய்து, ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் வையுங்கள். நல்ல செல் 1.265க்கு மேல் காட்டும். ஒரு செல் மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அந்த பேட்டரியை நம்பாதீர்கள்.

தாம்பரம் வாசகர்: டிசி மோட்டார் ரெண்டு நாள் தண்ணில கிடந்தது. அப்படியே காய வச்சா சரியாகுமா?

கழற்றாமல் காயவைத்தால் வெளியே மட்டும்தான் காயும். மூடியைத் திறந்து பாருங்கள்: கார்பன் தூளும் சேறும் குழைந்து, கம்யூட்டேட்டரின் (கார்பன் பிரஷ் உரசும் சுழல் உருளை) செம்புப் பட்டைகளுக்கு நடுவே கறுப்பு மை போல அப்பியிருக்கும். அது கரண்டைக் கடத்தும். ஓட்டினால் பொறி பறக்கும். பிரஷ்களை உருவி, நல்ல தண்ணீரில் அலசி, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுக் கழுவுங்கள். பட்டை இடுக்குகளை மூங்கில் குச்சியால் சுரண்டலாம். கம்யூட்டேட்டரை நைசான சாண்ட் பேப்பரால் தேயுங்கள். எமரி பேப்பர் கூடாது, அதன் துகள் கடத்தும்.

டிசம்பர் மாதச் சென்னைக் காற்றில் மோட்டார் தானாகக் காயாது. காற்று போக ஓட்டையுள்ள பெட்டியில் வைத்து, 100 வாட் குண்டு பல்பு எரியவிட்டு இரண்டு நாள் விடுங்கள். சூடு 60 டிகிரியைத் தாண்ட வேண்டாம். பிறகு மோட்டார் வயர்களைத் தனியே பிரித்து மெக்கரில் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) பாருங்கள். வைண்டிங்குக்கும் (மோட்டாரின் செம்புச் சுருள்) பாடிக்கும் இடையே 1 மெகாஓமாவது வர வேண்டும். வராவிட்டால் இன்னும் ஒரு நாள். சேறு புகுந்த பேரிங்கை மாற்றிவிடுவதே நல்லது.

எண்ணூர் வாசகர்: எங்களுடையது உப்புத்தண்ணி. வித்தியாசம் உண்டா?

நிறைய. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அன்றே நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலச வேண்டும். கேபிள் முனையைச் சீவிப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் பளபளப்பு தெரியும் வரை வெட்டிவிட்டுப் புது லக் (முனையில் மாட்டும் வளையம்) அடியுங்கள். லித்தியம் பேட்டரி என்றால் திறக்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். பல நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம். கட்டடத்திலிருந்து 15 மீட்டராவது தள்ளி, திறந்த வெளியில் நிறுத்திவிட்டு விற்பனையாளரைக் கூப்பிடுங்கள்.

மேடவாக்கம் வாசகி: பின் ஆக்ஸில் ஆயில் பால் டீ நிறத்துல இருக்கே?

தண்ணீர் கலந்துவிட்டது அக்கா. வடித்து, மேனுவல் சொல்லும் கிரேடை ஊற்றி, கொஞ்சம் ஓட்டி மறுபடி வடித்துப் பாருங்கள். பிரேக் டிரம்மையும் திறந்து சேற்றை எடுங்கள்.

பெருங்குடி வாசகர்: எல்லாம் மாட்டியாச்சு. பெடலை அழுத்தினா டக்குனு சத்தம் வருது, வண்டி நகரல.

பின் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பெடலை அழுத்தியபடி சாலினாய்டின் (மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் சுவிட்ச்) இரண்டு பெரிய போல்ட்டுக்கும் குறுக்கே மீட்டர் வையுங்கள். 48 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் உள்ளே கான்டாக்ட் சேரவில்லை, சாலினாய்டை மாற்றுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் பெடல் பாக்ஸைத் திறந்து திராட்டிலில் (பெடல் அழுத்தும் அளவைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் பாகம்) துரு இருக்கிறதா பாருங்கள்.