பொன்னாடை வேண்டாம், பிளக் பாயிண்ட் வேண்டும்: தருமபுரி, கிருஷ்ணகிரி கட்டற்ற மென்பொருள் சந்திப்புகள் பற்றிய கேள்வி பதில்

யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருளே கட்டற்ற மென்பொருள். தருமபுரியில் மாதந்தோறும் கூடும் எங்கள் கட்டற்ற மென்பொருள் சந்திப்பைப் பற்றியும், அதுபோல் தங்கள் ஊரில் ஒன்று தொடங்குவதைப் பற்றியும் இரண்டு மாவட்டங்களிலிருந்தும் கேள்விகள் வந்திருந்தன. கிடைத்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

பர்கூர், பொறியியல் மாணவர்: அண்ணா, இந்தக் கூட்டங்கள் எல்லாம் சென்னையிலும் பெங்களூருவிலும்தான் நடக்கின்றன. எங்கள் பக்கம் தொடங்க எத்தனை பேர் வேண்டும்? சிறப்பு விருந்தினராக யாரை அழைக்கலாம்?

யாரையும் அழைக்காதீர்கள், தம்பி. சிறப்பு விருந்தினர் வந்தால் அவருக்கு வரவேற்புரை வேண்டும், பொன்னாடை வேண்டும், நினைவுப் பரிசு வேண்டும். அவர் அரை மணி நேரம் தாமதமாக வருவார், பேசி முடித்ததும் அடுத்த நிகழ்ச்சிக்குக் கிளம்புவார். கட்டற்ற இயங்குதளமான லினக்ஸுக்கு மிஞ்சுவது கடைசி இருபது நிமிடம். வந்திருந்த முதலாமாண்டு மாணவன் புகைப்படத்தில் பின்வரிசையில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போவான். மறுமாதம் வரமாட்டான்.

நான்கு பேர் போதும். அந்த நால்வரில் ஒருவர், மழையானாலும் தேர்வானாலும் வந்து கதவைத் திறப்பவராக இருக்க வேண்டும். பெரிய ஊர்களிலும் இப்படித்தான் வளர்ந்தது. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1990களின் இறுதியில் தொடங்கியது. அதன் பலம் மாதச் சந்திப்புதான். காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் குழுக்கள் இருக்கின்றன. விழுப்புரத்துக்காரர்கள் கிராமத்து மாணவர்களைத் தேடிப்போய்ப் பயிற்சி கொடுக்கிறார்கள். அந்த ஊர் ஒன்றும் பெருநகரம் இல்லையே?

கூடும் நாளை மட்டும் மாற்றாதீர்கள். இரண்டாம் சனி என்றால் என்றைக்கும் இரண்டாம் சனி. முகூர்த்த நாள், கிரிக்கெட் போட்டி, யாரோ ஒருவரின் வசதி என்று ஒருமுறை தள்ளிவைத்தால் அதற்குப்பின் ஒவ்வொரு முறையும் “இந்த மாதம் உண்டா?” என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். ஞாயிறு எல்லாருக்கும் வசதி என்று நினைக்கலாம். போச்சம்பள்ளிப் பக்கம் அன்றைக்குத்தான் வாரச்சந்தை. பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது, பாதிப் பேருக்கு வீட்டில் வேலை இருக்கும். பெங்களூருவில் வகுக்கிற அட்டவணையில் சந்தை நாள் வராது, நம்முடையதில் வந்தாக வேண்டும். தொடங்கும் நேரம் பத்தரைக்கு முன் வேண்டாம். பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் வருகிறவர்கள் காலைப் பஸ் பிடித்து வந்து சேர வேண்டுமே.

அரூர், அரசுப் பள்ளி ஆசிரியை: சார், எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் லினக்ஸ் நிறுவும் நாள் ஒன்று வைக்க ஆசை. இணைய வேகம் மிகவும் குறைவு. என்னென்ன ஏற்பாடு வேண்டும்?

டீச்சர், முதல் வேலை தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி. ஆய்வகக் கணினிகளில் எதையும் நிறுவ மாட்டோம், வருகிறவர்கள் தங்கள் மடிக்கணினியில்தான் நிறுவுவார்கள் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பாதித் தயக்கம் அங்கேயே தீரும். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் கூடவே வந்தது. அதைத் திறந்துகூடப் பார்க்காத வீடுகள் ஏராளம். பழைய மாணவர்களின் அந்த மடிக்கணினிகள் பரண்மேல் கிடக்கும், எடுத்துவரச் சொல்லுங்கள்.

இணையத்தை நம்பாமல் நாளைத் திட்டமிடுங்கள். நிறுவும் கோப்பு ஒவ்வொன்றும் சுமார் மூன்று ஜிபி. சில விநியோகங்களில் (லினக்ஸின் வெவ்வேறு வடிவங்களை இப்படிச் சொல்வோம்) அதைப்போல் இரண்டு மடங்கு. முந்தைய வாரமே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வென்டாய் என்ற மென்பொருளை ஒரு பென்டிரைவில் போட்டுவிட்டால் லினக்ஸ் மின்ட், டெபியன், லுபுண்டு எல்லாவற்றின் ஐஎஸ்ஓ என்ற நிறுவும் கோப்புகளையும் அதிலேயே அப்படியே நகலெடுத்து வைக்கலாம். கணினி தொடங்கும்போது எது வேண்டும் என்று பட்டியல் காட்டும். ஒரு விநியோகத்துக்கு ஒரு பென்டிரைவ் என்று சுமக்க வேண்டியதில்லை. 

நிறுவிய பிறகுதான் உண்மையான தொல்லை. பத்துக் கணினிகளும் ஒரே நேரத்தில் புதுப்பிப்புகளை இழுக்கும், ஒரு செல்போன் ஹாட்ஸ்பாட் மூச்சுத் திணறும். இதற்கு ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற சிறு மென்பொருள் இருக்கிறது. ஒரு மடிக்கணினியில் அதை நிறுவி, மற்றவற்றில் மென்பொருளை இறக்கி நிறுவும் ஆப்ட் கருவியின் அமைப்பில் அந்தக் கணினியின் முகவரியையும் 3142 என்ற போர்ட் எண்ணையும் கொடுங்கள். ஒரு மென்பொருள் தொகுப்பை முதல் கணினி கேட்கும்போதுதான் அது இணையத்திலிருந்து வரும். அடுத்தவை கேட்டால் அறைக்குள்ளேயே கிடைத்துவிடும். ஒரே விநியோகத்தை எல்லாரும் நிறுவினால்தான் இதில் முழுப் பயன். ஆளுக்கொரு விநியோகம் என்று மாணவர்கள் அடம்பிடிப்பார்கள்; விடாதீர்கள். கூட்டம் முடிந்ததும் அந்த அமைப்பை நீக்கச் சொல்வதும் முக்கியம், இல்லையென்றால் வீட்டுக்குப் போய் “அப்டேட் வரவில்லை” என்று உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

தரவை வேறோர் இடத்தில் நகலெடுக்காமல் வந்த கணினியைத் தொடாதீர்கள். விண்டோஸ் கூடவே இருக்க வேண்டுமானால் அதிலுள்ள ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை அணைத்து, பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை எழுதி வைத்த பிறகே வட்டின் பிரிவுகளை மாற்றுங்கள். நீளமான எக்ஸ்டென்ஷன் பெட்டிகள் நான்கைந்து வேண்டும். பழைய மடிக்கணினிகளில் பேட்டரி நிற்காது. நிறுவும் பாதியில் கரண்ட் போனால் முதலிலிருந்துதான். யூபிஎஸ் உள்ள வரிசையை இவர்களுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

காவேரிப்பட்டணம், ஜெராக்ஸ் மற்றும் பிரவுசிங் கடைக்காரர்: விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது என்கிறார்கள். கடையில் ஐந்து கணினிகள். உங்கள் கூட்டத்துக்குக் கொண்டுவந்தால் ஐந்தையும் மாற்றித் தருவீர்களா?

ஐந்தையும் மாற்ற வேண்டாம், அண்ணா. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது உண்மை. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத இன்டெல் பிராசசரும் பழைய கணினிகளில் இருக்காது. அதற்காகக் கடையையே ஒரே நாளில் லினக்ஸுக்கு மாற்றச் சொன்னால் என் ஆர்வத்துக்கு உங்கள் வியாபாரத்தைப் பலி கொடுத்ததாகிவிடும்.

பிரவுசிங்குக்கும் விண்ணப்பம் நிரப்பவும் உள்ள மூன்று கணினிகளை மாற்றலாம். 4 ஜிபி ராம் இருந்தால் லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு ஓடும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் நன்றாகவே ஓடும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகச் சேர்த்துத் தருகிறோம்.

பிரிண்டரைப் பார்த்துத்தான் மேற்கொண்டு சொல்ல முடியும். கடைகளில் பரவலாக இருக்கும் சில மலிவு லேசர் பிரிண்டர்கள் தங்களுக்கே உரிய நெறிமுறையில்தான் பேசும், லினக்ஸில் அவற்றை வழிக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. மாடல் எண்ணை முன்கூட்டியே அனுப்புங்கள். கைரேகைக் கருவி இருந்தால், அதை இயக்கும் லினக்ஸ் டிரைவர் உண்டா என்று விற்றவரிடம் கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் அந்த ஒரு கணினி விண்டோஸிலேயே இருக்கட்டும். கல்யாணப் பத்திரிகையைப் பழைய பேஜ்மேக்கரில், பழைய எழுத்துருவில் அடிக்கும் கணினியையும் தொட வேண்டாம்.

பாலக்கோடு, ஒரு தாய்: என் மகள் பி.சி.ஏ. படிக்கிறாள். உங்கள் கூட்டத்துக்கு வர ஆசைப்படுகிறாள். போனால் வேலை கிடைக்குமா? பாதுகாப்பான இடமா?

கூட்டத்துக்கு வருவதாலேயே வேலை கிடைக்காது, அம்மா. அப்படிச் சொல்கிறவரை நம்பாதீர்கள். ஆனால் கட்டற்ற மென்பொருளில் உங்கள் மகள் எழுதுகிற ஒவ்வொரு வரியும் அவள் பெயரோடு பொதுவெளியில் நிற்கும். நேர்காணலில் “என்ன தெரியும்?” என்ற கேள்விக்கு அதைத் திறந்து காட்டலாம். உதவித்தொகையோடு வீட்டிலிருந்தே பங்களிக்கும் வாய்ப்புகளும் உண்டு. கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் நடக்கிறது. 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களும் சேரலாம். அவுட்ரீச்சி என்ற திட்டம் தொழில்நுட்பத் துறையில் குறைவாக இடம்பெறுகிறவர்களுக்காகவே நடத்தப்படுவது. பெண்கள் பலர் அதன் வழியே வந்திருக்கிறார்கள். இரண்டிலும் போட்டி கடுமை. ஆறு மாதமாவது முன்கூட்டியே ஒரு திட்டத்தில் பழகியிருந்தால்தான் தேர்வாக வாய்ப்பு.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டது மிகச் சரி. கூட்டத்தை மூன்றரை மணிக்கு முடித்துவிடுகிறோம், வெளிச்சத்திலேயே வீடு சேரலாம். பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத அரங்கை எடுப்பதில்லை. யாருடைய எண்ணையும் கேட்காமல் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் சேர்ப்பதில்லை. முதல் முறை நீங்களும் கூடவே வாருங்கள். அம்மாக்கள் வந்து உட்காருவது இங்கே புதிதல்ல.

ஊத்தங்கரை, மாணவர்: அக்டோபரில் நான்கு புல் ரிக்வெஸ்ட் (நம் திருத்தத்தை ஒரு திட்டத்தில் சேர்க்கக் கேட்கும் வேண்டுகோள்) அனுப்பினால் பரிசு கிடைக்கும் என்றார்கள். உங்கள் கூட்டத்தில் சொல்லித் தருவீர்களா?

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளைச் சொல்லித் தருவோம். பரிசுக்காக ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு வார்த்தையைச் சேர்த்து அனுப்புவதைச் சொல்லித் தரமாட்டோம். 2020-இல் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற அந்த அக்டோபர் நிகழ்வின்போது அப்படிக் குப்பை குவிந்து, திட்டங்களை நடத்துகிறவர்கள் நொந்துபோய், விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளில் உறுத்துகிற ஒரு பிழையோடு வாருங்கள். அதை ஒழுங்காகப் பதிவு செய்யக் கற்றுக்கொள்வதற்கே ஒரு மாலை ஆகும்.

பென்னாகரம், வரலாறு படிக்கும் மாணவி: எனக்கு நிரல் எழுதத் தெரியாது, அண்ணா. நான் வந்து என்ன செய்வது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. நிரலாளர்களால் செய்ய முடியாத வேலை உங்களிடம்தான் இருக்கிறது.

2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், யாரும் திருத்தவும் பயன்படுத்தவும் கூடிய உலக வரைபடம். அதில் ஒகேனக்கல் அருவி இருக்கும், நெடுஞ்சாலை இருக்கும். உங்கள் ஊர் ரேஷன் கடை இருக்கிறதா, குடிநீர்த் தொட்டி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பெயர்கள் இன்னும் மோசம். நம் இரண்டு மாவட்டங்களிலும் கொட்டாய் என்று முடியும் சிற்றூர்கள் எத்தனை! ஆங்கிலத்தில் Kottai என்று எழுதியதை வைத்துக்கொண்டு எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் தமிழாக்கினால் எல்லாம் கோட்டையாகிவிடும். நான்கு ஓட்டு வீடும் ஒரு மாட்டுக் கொட்டகையும் உள்ள இடத்தில் பயணி கோட்டையைத் தேடி அலைவார். இதைத் திருத்த உள்ளூர்க்காரர் வேண்டும், வேறு தகுதி தேவையில்லை.

எங்கள் சந்திப்பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரைபட நடை வைக்கிறோம். ஆண்ட்ராய்டு போனில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி. தெருவில் நடக்க நடக்க அதுவே கேள்வி கேட்கும்: இந்தக் கடை என்ன கடை, இந்தச் சாலை தார்ச்சாலையா மண்சாலையா, இந்தப் பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை உண்டா. பார்த்துப் பதில் தொட வேண்டியதுதான். திரும்பி வந்து அறையில் உட்கார்ந்து தமிழ்ப் பெயர்களை அதற்குரிய தனிப் புலத்தில் சேர்ப்போம். ஒரே விதி: கூகுள் வரைபடத்தைப் பார்த்து எழுதக் கூடாது, உரிமம் இடம் கொடுக்காது. கண்ணால் பார்த்தது, ஊர்க்காரரிடம் கேட்டது மட்டும். கேட்கப்போனால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஊர்ப் பெயரோடு ஏரி, களம், பழைய வண்டிப்பாதை வரை சொல்லிவிடுவார். வரலாறு படிக்கிற உங்களுக்கு அதுவே பெரிய அறுவடை.

குரல் கொடுக்க விருப்பமென்றால் மக்களின் பேச்சுப் பதிவுகளைத் திரட்டும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டம் இருக்கிறது. தருமபுரிப் பேச்சு அதில் எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவுக்கு நாளைய மென்பொருள் நம்மைப் புரிந்துகொள்ளும். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் நம் பக்கத்து நடுகற்களைப் பற்றியும் எழுதலாம்.

கிருஷ்ணகிரி, முதல் முறை பேசப்போகிறவர்: ஏதாவது அறிவுரை?

இருபது நிமிடம். ஸ்லைடு குறைவு, செயல்முறை அதிகம். கட்டளைகளைத் தட்டும் டெர்மினலின் எழுத்தளவை 24-க்கு ஏற்றுங்கள். பின்னணியைக் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாற்றுங்கள், ஜன்னல் வெளிச்சத்தில் கறுப்புத் திரையில் ஒன்றும் தெரியாது. நம் ஊர் அரங்குகளில் புரொஜெக்டர் பெரும்பாலும் விஜிஏ, உங்கள் மடிக்கணினி எச்டிஎம்ஐ. மாற்றியைக் கையோடு கொண்டுவாருங்கள். தமிழில் பேசுங்கள். கட்டளைகளை இருக்கிறபடியே விடுங்கள், விளக்கம் தமிழில் போதும்.

தேன்கனிக்கோட்டை, கல்லூரி விரிவுரையாளர்: நிதிக்கு நிறுவனங்களை அணுகலாமா?

டீயும் போண்டாவும் வந்தவர்களே பகிர்ந்துகொள்ளும் செலவுதான். மாதக் கூட்டத்துக்கு அதற்குமேல் ஏன் பணம்? செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை வரும் மென்பொருள் சுதந்திர தினத்தைப் பெரிதாகக் கொண்டாட நினைத்தால் ஃபாஸ் யுனைடெட் என்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பிடம் கேளுங்கள். கல்லூரிகளில் மன்றங்கள் தொடங்கவும் அவர்கள் உதவுகிறார்கள். பணத்துக்குப் பதிலாகத் தங்கள் பொருளை விற்க ஒரு மணி நேரம் கேட்கும் நிறுவனத்துக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

ஓசூர், மென்பொருள் ஊழியர்: எங்களுக்குப் பெங்களூரு கூப்பிடு தூரம். அங்கேயே போய்விட்டால் போதாதா?

போங்கள், நானும் போகிறேன். வரும்போது ஆளையும் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரியைச் சொந்த ஊராகக் கொண்டு பெங்களூருவில் வேலை பார்க்கும் எத்தனையோ பேர் வெள்ளி இரவு இதே 44-ஆம் எண் நெடுஞ்சாலையில்தான் வீட்டுக்கு வருகிறார்கள். “சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் கொடுங்கள், நீங்கள் வேலையில் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பற்றிப் பேசுங்கள்” என்று குறிப்பாகக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. “எப்போதாவது வந்து ஏதாவது பேசுங்கள்” என்று கேட்டால் வரவே மாட்டார்கள். உங்கள் அலுவலகத்தில் அப்படி யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று விசாரித்து, தலைப்போடு எழுதுங்கள். அடுத்த மூன்று மாதங்களுக்கான இடம் காலியாக இருக்கிறது.