நேருவின் செங்கோலை அருங்காட்சியகத்தில் ‘கைத்தடி’ என்று எழுதி வைத்திருந்தது எப்படி?

அலகாபாத் அருங்காட்சியகத்தில் அதன் கீழே இருந்த குறிப்பு, ‘பண்டித நேருவுக்குப் பரிசளிக்கப்பட்ட தங்கக் கைத்தடி’ என்றது. அந்தக் கோல் பொன்முலாம் பூசிய வெள்ளியால் ஆனது என்பதால் ‘தங்கம்’ என்ற சொல் பிழை; ‘கைத்தடி’ என்பதும் பிழையே.

நான் மாம்பலத்தில் வளர்ந்தவன். என் தாத்தாவின் கைத்தடி இன்றும் எங்கள் வீட்டுக் கதவு மூலையில் சாய்ந்திருக்கிறது. உயரம் மூன்றடிகூட வராது, ஏனென்றால் ஊன்றும் கை இடுப்பளவில் நிற்க வேண்டும். ஐந்தடி உயரமும், உள்ளங்கை பதிய வேண்டிய உச்சியில் நந்தியும் கொண்ட ஒரு கோலை எவர் ஊன்றி நடப்பார்? திருவாவடுதுறை ஆதீனத்தின் விருப்பப்படி, 1947இல் நம் சென்னையின் உம்மிடி பங்காரு செட்டி நகைக்கடையார் செய்து கொடுத்த அதை, சைவ மடங்களை அறிந்த ஒருவர் பார்த்திருந்தால் கணத்தில் இனங்கண்டிருப்பார் என்பது என் எண்ணம்.

வழங்கிய நிகழ்ச்சி ரகசியமாக நடந்ததுமன்று. 1947 ஆகஸ்ட் 14 அன்று ஆதீனத்தின் தூதர்கள் டெல்லியில் ஒரு பழைய ஃபோர்டு காரில் நேருவின் வீட்டுக்கு மெல்ல ஊர்ந்து சென்றதையும், முன்னே நடந்த நாகசுரக்காரர் ஏறக்குறைய நூறு கஜத்துக்கு ஒருமுறை சாலையிலேயே அமர்ந்து கால் மணி நேரம் வாசித்ததையும் அம்மாதமே அமெரிக்காவின் ‘டைம்’ இதழ் எழுதியது. வாசித்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை; அவரை அவசரப்படுத்தும் துணிச்சல் யாருக்கு இருந்திருக்கும்! வீட்டில் நேருவின் மீது புனித நீர் தெளித்து, நெற்றியில் திருநீறு பூசி, பீதாம்பரம் போர்த்திக் கோலைக் கையில் கொடுத்தார்கள். அன்று காலை நடராஜருக்குப் படைத்த அன்னமும் விமானத்தில் வந்திருந்தது.

இத்தனையும் அச்சில் இருந்தும், நேருவின் மற்றப் பரிசுப் பொருட்களோடு அலகாபாத் சென்ற கோலுடன் இந்தக் கதை செல்லவில்லை. 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தில் மக்களவைத் தலைவரின் இருக்கை அருகே நிறுவப்பட்டபோது, அது மவுண்ட்பேட்டனின் கை வழியாக வந்த ஆட்சி மாற்றச் சின்னம் என்றும் சொல்லப்பட்டது. ‘டைம்’ விவரிக்கும் காட்சியில் மவுண்ட்பேட்டன் இல்லை. ஆதீனத்தார் கொடுத்தார்கள், நேரு வாங்கிக்கொண்டார் என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன்.