வாசகர் கேள்வி பதில்: நாளின் முதல் அம்பு

வில் வேட்டைப் பயிற்சியைப் பற்றி அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். கோவையிலிருந்தும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. எல்லாக் கேள்விகளும் ஏதோ ஒரு வகையில் ஒரே இடத்தைச் சுற்றி வருவதால் இந்த இதழில் அவற்றுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மாலையில் வேலை முடிந்து வந்ததும் வீட்டின் பின்புறத்தில் முப்பது, நாற்பது அம்புகள் எய்து பழகுகிறேன். 30 கெஜத்தில் பெரும்பாலான அம்புகள் உள்ளங்கை அகலத்துக்குள் விழுகின்றன. ஆனால் முதல் அம்பு மட்டும் அடிக்கடி விலகிப் போகிறது. கை இன்னும் பழகவில்லை என்று எண்ணி அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இது சரிதானா?
— வாசகர், மேடிசன், விஸ்கான்சின்

பதில்: சரியில்லை. உங்கள் குறிப்பேட்டில் முதலாவதாக எழுதப்பட வேண்டியதே அந்த அம்புதான். உங்கள் மாநிலத்தில் செப்டம்பர் நடுவில் வில் பருவம் தொடங்கியதும், இருட்டு விலகும் முன்பே மரத்தில் கட்டிய பரணில் ஏறி, மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்திருப்பீர்கள். விரல்கள் விறைத்திருக்கும், தோள் இறுகியிருக்கும், நாணை இழுத்து அரைநாளுக்கு மேல் ஆகியிருக்கும். வெண்வால் மான் அந்த நேரத்தில்தான் வரும். அப்போது உங்கள் கையிலிருந்து புறப்படுவது அன்றைய முதல் அம்பு. மாலையில் இருபதாவது முறை எய்தபோது எவ்வளவு நெருக்கமாக விழுந்தது என்பதற்கும் அந்த நொடிக்கும் தொடர்பே இல்லை.

முதல் அம்பு ஏன் விலகுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பயிற்சியின் போக்கு தானாகவே மாறும். தொடர்ந்து எய்யும்போது நம்மை அறியாமலேயே பல சிறு திருத்தங்களைச் செய்துகொண்டே போகிறோம். வில்லைத் தாங்கும் உள்ளங்கை கைப்பிடியில் சற்றே நகர்ந்து சரியான இடத்தில் படிகிறது, இழுக்கும் கை தாடையின் கீழ் ஒரே இடத்தைக் கண்டுகொள்கிறது, முந்தைய அம்பு எங்கே தைத்தது என்பதைக் கண் பார்த்து அடுத்ததைச் சற்றே மாற்றிக்கொள்கிறது. ஐந்தாறு அம்புகளுக்குப் பின் வரும் நெருக்கம் இந்தத் திருத்தங்களின் கூட்டு விளைவு. உடலியக்கக் கற்றலை ஆராய்பவர்களும் இதை நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். நன்றாகப் பழகிய ஒரு செயலில்கூட, இடைவெளிக்குப் பின் செய்யும் முதல் சில முயற்சிகள் தரம் குறைந்து, பிறகு விரைவாகத் தேறிவிடுகின்றன. நாக்ஸன், ஷ்மிட் என்ற இரு ஆய்வாளர்கள் 1971இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். திறமை மறந்துபோவதில்லை, அந்தச் செயலுக்காக உடலும் கவனமும் கூட்டாகச் செய்துகொள்ளும் ஆயத்தம்தான் இடைவெளியில் கலைந்துவிடுகிறது என்பது அவர்கள் கருத்து. அப்படியானால் நாம் பழக வேண்டியது அந்த ஆயத்தத்தை ஒரே மூச்சில், ஒரே அம்பில் கூட்டிக்கொள்வதைத்தான்.

அதற்கான வழி எளியது, ஆனால் பொறுமை வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் அம்பு. காலையில் அலுவலகம் புறப்படும் முன் வில்லை எடுங்கள். முன்கூட்டி நாணை இழுத்துப் பார்க்காதீர்கள். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு மனத்தில் ஓர் எண்ணை வைத்துக்கொண்ட பிறகே தூரம் அளக்கும் கருவியான ரேஞ்ச்ஃபைண்டரில் பாருங்கள். முடிந்தால் பத்து நிமிடம் ஒரு நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருந்து, உட்கார்ந்தபடியே மெதுவாக இழுங்கள். மான் ஒரு மரத்தின் பின்னால் நின்றுவிட்டதாக எண்ணி, முழுவதும் இழுத்த நிலையில் பதினைந்து, இருபது நொடி தாங்கிப் பிறகு விடுங்கள். முனைகளில் உருளைகள் பொருத்திய காம்பவுண்ட் வில்லில் முழு இழுவையின்போது சுமையில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு குறைந்துவிடும் என்றாலும், குளிர்ந்த தோளுக்கு அந்த மிச்சச் சுமையே போதிய சோதனை. அம்பு தைக்கும் ஓசை கேட்கும்வரை வில் தாங்கும் கையைத் தாழ்த்தக் கூடாது.

இப்போது முக்கியமான ஒரு வேலை. இலக்கை நோக்கி நடப்பதற்கு முன், அம்பு எங்கே தைத்திருக்கும் என்று நீங்கள் உணர்கிறீர்களோ அதைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்: ‘ஓர் அங்குலம் வலம், சற்றுக் கீழே’ என்பதுபோல. பிறகு போய்ப் பார்த்து உண்மையான இடத்தை எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போனால், எய்யும் நொடியில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒத்துப்போகாவிட்டால், விடும் கணத்தில் கண்ணையோ கையையோ உங்கள் கவனம் விட்டுவிட்டது. இந்த ஒரு வரிப் பழக்கம் நூறு அம்பு எய்வதைவிட அதிகம் கற்றுத்தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த அம்புக்கென்று தனியாக ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள். தைத்த இடத்தில் புள்ளி வைத்து, அருகில் தேதி, தூரம், உடுத்தியிருந்த உடை ஆகியவற்றைக் குறியுங்கள். இராணுவத்தில் தொலைதூரத் துப்பாக்கி வீரர்களும், குழல் குளிர்ந்திருக்கும்போது சுடும் முதல் குண்டை இப்படித்தான் தனிக் குறிப்பேட்டில் பதிந்து வைக்கிறார்கள். இருபது, இருபத்தைந்து நாளில் உங்கள் தாளில் ஒரு வடிவம் தெரியத் தொடங்கும். புள்ளிகள் எல்லாம் நெருக்கமாக, ஆனால் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் உடனே சைட்டை, அதாவது வில்லில் பொருத்திய குறிகாட்டியை, நகர்த்த வேண்டும் என்று தோன்றும், தயவுசெய்து நகர்த்தாதீர்கள். துப்பாக்கியில் குளிர்ந்த குழல் ஒரு காரணமாகலாம். இங்கே மாறியிருப்பது பெரும்பாலும் எய்பவரின் கை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்களா, தாடையில் கை பதியும் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஊருக்குள் வீட்டுப் பின்புறத்தில் வில் எய்வதற்குச் சில நகராட்சிகள் தடையோ நிபந்தனையோ விதித்திருக்கின்றன. அதை விசாரித்து, இலக்குக்குப் பின்னால் தகுந்த தடுப்பும் அமைத்த பிறகே தொடங்குங்கள்.

கேள்வி: நாளுக்கு ஓர் அம்பு என்றால் கைக்கும் தோளுக்கும் வலிமை எப்படி வரும்? என் வில்லின் இழுவிசை 70 பவுண்டு. அதை இழுக்கவே தினமும் பயிற்சி தேவைப்படுகிறது.
— வாசகர், பிட்ஸ்பர்க், பென்சில்வேனியா

பதில்: ஓர் அம்பு மட்டுமே ஆண்டு முழுவதற்கும் போதாது. குளிர்காலம் முடிந்து கோடை நடுப்பகுதி வரை நிறைய எய்யுங்கள். நான்கைந்து கெஜ தூரத்தில் பெரிய இலக்கின் முன் நின்று கண்ணை மூடிக்கொண்டு எய்வது, விடும் கணத்தை மட்டும் கவனிக்க மிகச் சிறந்த வழி. பருவம் நெருங்கும் இரண்டு மாதங்களில் காலையில் ஒற்றை அம்பும், மாலையில் விருப்பப்பட்டால் தனியாக ஒரு சிறு பயிற்சியும் இருக்கட்டும். காலை அம்பு தவறிவிட்டது என்பதற்காக உடனே இரண்டாவதை எய்து மனத்தைத் தேற்றிக்கொள்வதைத்தான் தவிர்க்க வேண்டும். வில்லைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போய்விடுங்கள். அந்தத் தவறு நாள் முழுவதும் மனத்தில் இருந்தால் மறுநாள் காலை கவனம் கூடும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த 70 பவுண்டுதான். நாற்காலியில் அமர்ந்து, கால்களைத் தரையிலிருந்து சற்றே தூக்கி, வில்லை வானத்தை நோக்கி உயர்த்தாமல் நேராக முன்னால் வைத்தபடி மெதுவாக இழுத்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த இழுவிசை உங்களுக்கு அதிகம். வெண்வால் மானுக்கு 50 பவுண்டு வில்லும் கூர்மையான முனையும் தாராளமாகப் போதும். உடல் சூடேறாத நிலையில் தாங்க முடியாத வில்லை வலிந்து இழுப்பது தோள்மூட்டைக் கெடுக்கும். அதோடு வில்லை மேலே தூக்கி இழுக்கும் அந்தப் பெரிய அசைவை மான் கண்டுவிடும். பெரும்பாலான காம்பவுண்ட் வில்களில் திருகைத் தளர்த்திப் பத்து பவுண்டு வரை குறைக்கலாம். தளர்த்தும் அளவைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துச் செய்யுங்கள். அதன் பிறகு சைட்டையும் மீண்டும் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: நீங்கள் சொல்வதுபோல் நாளின் முதல் அம்பை மட்டும் குறித்து வருகிறேன். 50 கெஜத்திலும் எல்லாம் 8 அங்குல வட்டத்துக்குள் விழுகின்றன. மானின் நுரையீரல், இதயப் பகுதியும் ஏறத்தாழ அதே அளவு என்பதால், 50 கெஜத்தில் மானை எய்யலாமா?
— வாசகர், கிராண்ட் ராப்பிட்ஸ், மிச்சிகன்

பதில்: நன்றாகப் பழகியிருக்கிறீர்கள், பாராட்டுகிறேன். ஆனாலும் எய்ய வேண்டாம் என்றே சொல்வேன். உங்கள் இலக்கு அசையாது, மான் அசையும். நொடிக்கு 280 அடி வேகத்தில் போகும் அம்பு 50 கெஜத்தை, அதாவது 150 அடியைக் கடக்க அரை நொடிக்குச் சற்று மேல் ஆகும். நாணின் ஓசை நொடிக்கு ஏறத்தாழ 1,100 அடி வேகத்தில் போவதால் அது 0.14 நொடியில் மானின் காதை எட்டிவிடும். மிச்சமுள்ள 0.4 நொடி மானுக்குக் கிடைக்கிறது. ஓசை கேட்டு மிரண்ட மான், பாய்வதற்காகக் கால்களை மடக்கி உடலைச் சட்டென்று கீழே தாழ்த்தும். நுரையீரலைக் குறித்த அம்பு முதுகுக்கு மேலே போகலாம், அல்லது அதைவிடக் கொடுமையாக, முதுகுத் தசையில் தைத்து மானைக் காயத்தோடு ஓடவிடலாம். 20 கெஜத்தில் இதே கணக்கைப் போட்டால் மானுக்குக் கிடைப்பது 0.16 நொடி மட்டுமே.

ஆகையால் உங்கள் தாளில் உள்ள புள்ளிகள் உங்கள் திறமையின் எல்லையைக் காட்டுகின்றன. மானை எய்யும் தூரம் அந்த எல்லைக்கு வெகு உள்ளே இருக்க வேண்டும். 50 கெஜத்தில் பழகுங்கள், 25 அல்லது 30 கெஜத்துக்குள் மட்டும் மானை எய்யுங்கள். அதிலும் மான் பக்கவாட்டில் நிற்கும்போதோ, உங்களிடமிருந்து சற்றே விலகித் திரும்பி நிற்கும்போதோ மட்டும். தலை உயர்த்தி, காதுகளை உங்கள் பக்கம் திருப்பி விழிப்போடு நிற்கும் மானை 20 கெஜத்தில்கூட விட்டுவிடுவது நல்லது. காயம்பட்ட ஓர் உயிர் இரவெல்லாம் காட்டில் கிடந்து சாவதைத் தவிர்ப்பதற்காகத்தானே இத்தனை பயிற்சியும்.

கேள்வி: என் மகள் ரீகர்வ் வில்லில் (முனைகள் வெளிப்பக்கம் வளைந்த, உருளைகள் இல்லாத வில்) போட்டிகளுக்குப் பழகுகிறாள். வேட்டையோடு எங்களுக்குத் தொடர்பில்லை. இந்த ஒற்றை அம்புப் பயிற்சி அவளுக்கு உதவுமா?
— வாசகி, கோவை

பதில்: உதவும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் மான் வேட்டை குற்றம் என்பதால், இங்கே வில் என்றால் விளையாட்டு மட்டுமே. போட்டியில் உங்கள் மகள் உடலைச் சூடேற்றி, பயிற்சி அம்புகளை எய்த பிறகே களம் இறங்குவாள். ஆகவே வேட்டைக்காரரின் குளிர்ந்த முதல் அம்பு அவளுக்கு அப்படியே நேராது. ஆனால் தனிநபர் ஆட்டம் செட் புள்ளிகளில் 5-5 என்று சமனாகும்போது ஒரே ஓர் அம்புதான் வெற்றியை முடிவு செய்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலை 30 அன்று தீபிகா குமாரி அந்த ஓர் அம்பில் பத்துப் புள்ளி எடுத்து, ஏழு எடுத்த ரஷ்ய வீராங்கனை க்செனியா பெரோவாவை வென்றார். முந்தைய நாள் அதனு தாஸ், லண்டன் ஒலிம்பிக்கின் தங்க வீரரான தென் கொரியாவின் ஓ ஜின் ஹ்யெக்கை அதே முறையில் பத்துக்கு ஒன்பது என்று வென்றிருந்தார். வாரத்தில் இரண்டு நாள், பயிற்சிக்கு நடுவே அரைமணி நேரம் வில்லைக் கீழே வைத்துவிட்டு வந்து ஒரே ஓர் அம்பை எய்யச் சொல்லுங்கள். எய்யும் முன் செய்யும் வரிசை, அதாவது கால் வைப்பது, நாணில் விரல் பதிப்பது, மூச்சு விடுவது எல்லாம் ஒவ்வொரு முறையும் மாறாமல் இருக்கிறதா என்று பயிற்சியாளர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

கேள்வி: பயிற்சியில் ஃபீல்ட் பாயின்ட் என்ற சாதாரணக் கூர்முனையும், வேட்டையில் கூரிய அலகுகள் கொண்ட பிராட்ஹெட் முனையும் பயன்படுத்துகிறேன். இரண்டும் 100 கிரெயின் எடைதான். தனியாகப் பழக வேண்டுமா?
— வாசகர், சிரக்யூஸ், நியூயார்க்

பதில்: கட்டாயம் பழக வேண்டும். எடை ஒன்றாக இருந்தாலும் பிராட்ஹெட்டின் அலகுகள் காற்றைப் பிடிப்பதால், வில் சரியாக இசைவிக்கப்படாதிருந்தால் அம்பு வேறு இடத்தில் போய்த் தைக்கும். பருவத்துக்கு மூன்று வாரம் முன்பிருந்தே காலை ஒற்றை அம்பைப் பிராட்ஹெட்டோடு எய்யுங்கள். அதற்குத் தாங்கும் தன்மையுள்ள ஃபோம் இலக்கைப் பயன்படுத்துங்கள். அதே நாள்களில் வேட்டைக்கு உடுத்தும் தடித்த மேலங்கி, கையுறை, பரணிலிருந்து விழாமல் காக்க மாட்டும் ஹார்னஸ் பட்டை எல்லாவற்றையும் அணிந்துகொள்ளுங்கள். தடித்த சட்டைக் கையில் நாண் உரசினால் அம்பு பல அங்குலம் விலகும். அதை நவம்பர் குளிரில் பரணில் கண்டுபிடிப்பதைவிட வீட்டில் கண்டுபிடித்து, ஒரு கைக்காப்பைக் கட்டிச் சரிசெய்வது நல்லது. பயிற்சிக்கு எய்த பிராட்ஹெட்டின் அலகு மழுங்கியிருக்கும். அதை அப்படியே காட்டுக்குக் கொண்டுபோகாமல் புதிய அலகு மாட்டி, அம்பின் தண்டில் விரிசல் இருக்கிறதா என்று வளைத்துப் பார்த்த பிறகு அம்புக்கூட்டில் வையுங்கள்.