ஆலிவ் தோட்டத்தில் எந்தக் களையெடுப்பு முறை செடி வகைகளைக் குறைக்கும்?

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து போய், வெஸ்டர்ன் கேப் மாகாணத்தின் பார்ல் பக்கம் ஆலிவ் தோட்டம் வாங்கியிருக்கும் நீங்கள், மருந்து அடிப்பதா, உழுவதா, வெட்டுவதா என்று கேட்கிறீர்கள்.

செடி வகைகளை அதிகம் அழிப்பது, வருஷா வருஷம் ஒரே களைக்கொல்லியை அடிப்பதுதான். வெஸ்டர்ன் கேப்பில் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லிக்கு அசராத ரைகிராஸ் என்ற களைப்புல் 2001-லேயே கண்டறியப்பட்டது. மற்றவை செத்துப்போக, அது மட்டும் பரவும்.

உழுதால் ஒருபருவச் செடிகள் விதையிலிருந்து திரும்ப முளைக்கும். பல்லாண்டுச் செடிகள் பல வேரறுந்து போகும். ஆனால் கேப் மண்ணுக்கே உரிய மஞ்சள் புளியாரையைப் பிடுங்கிப் பாருங்கள், அடியில் குட்டிக் குட்டிக் கிழங்குகள் இருக்கும். கலப்பை அவற்றைத் தோட்டம் முழுக்க இழுத்துப்போய் நட்டுவிடும்.

நான் வெட்டத்தான் சொல்வேன். டர்பன் மாதிரி அங்கே கோடை மழை கிடையாது, குளிர்கால மழைதான். அதனால் வசந்தத்தில் பூத்து விதை உதிர்ந்த அப்புறம், ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை வெட்டுங்கள். வெட்டிய புல்லை மரத்தடியில் மூடாக்காகப் போடலாம்.