கிளாஸ்கோ குளிரில் தயிர் உறையுமா?

தம்பி, செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குப் படிக்க வருவதாகவும், தயிர், ஓட்ஸ் பார் மாதிரி நொறுக்குத்தீனிகளை ரூமிலேயே செய்துகொண்டால் செலவு குறையுமா, கூடப் படிக்கிறவர்களுக்கு விற்றால் கைச்செலவுக்கு ஆகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதோடு வாடகை, பார்ட்டைம் வேலை, ஜாக்கெட் என்று பெரிய பட்டியலே இருக்கிறது. எனக்குத் தெரிந்தது சாப்பாட்டு விஷயம். அதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த விற்கிற யோசனையை விட்டுவிடுங்கள். ஸ்டூடன்ட் விசாவில் சுயதொழில் செய்யக்கூடாது. வாட்ஸ்அப் குரூப்பில் டப்பா டப்பாவாக ஓட்ஸ் பார் விற்பதும் சுயதொழில்தான். அது போக, உணவு வியாபாரம் தொடங்குகிறவர்கள் 28 நாள் முன்பே உள்ளூர் கவுன்சிலில் பதிய வேண்டும். "எல்லாரும் செய்றாங்க தம்பி, யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொல்ல இங்கே ஒரு அண்ணன் கட்டாயம் இருப்பார். பிரச்சினை வந்தால் அவர் போனை எடுக்க மாட்டார்.

ஊரிலிருந்து நெய் கொண்டுவரவும் வேண்டாம். இந்தியாவிலிருந்து பால் பொருள்களை இங்கே எடுத்துவர அனுமதியில்லை. அம்மா ஆசையாக உருக்கித் தந்ததை ஏர்போர்ட்டில் பறிகொடுத்துவிட்டு முகம் வாடி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதே காரணத்தால் ஊர்த் தயிரின் உறையையும் கொண்டுவர முடியாது. இங்கே வந்து கடையில் பழமோ சர்க்கரையோ சேராத வெறும் தயிராக, லைவ் கல்ச்சர் உள்ளது என்று எழுதியதாகப் பார்த்து ஒரு டப்பா வாங்குங்கள். அதுதான் உறை. பாலில் நீல மூடி முழுக்கொழுப்பு, பச்சை மூடி பாதி, சிவப்பு மூடி சுத்தமாக ஆடை எடுத்தது. உடம்புக்கு நல்லது என்று சிவப்பை வாங்கிவிட்டுத் தயிர் தண்ணியாக இருக்கிறது என்று புலம்புகிற கூட்டம் ஒன்று உண்டு. நீலம் வாங்குங்கள்.

ஊரில் ராத்திரி உறை ஊற்றி மேடையில் வைத்தால் விடியும்போது தயிர். இங்கே ஜனவரியில் விடிந்தாலும் அது பால்தான். குளிர் பாதிக் காரணம், உறை மீதிக் காரணம். நம் வீட்டு உறையில் பலவகை நுண்ணுயிர்கள் கலந்திருக்கும், சமையலறைச் சூடே அவற்றுக்குப் போதும். கடைத் தயிரில் இருப்பவைக்கு 40 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அதுவும் மணிக்கணக்காக. பாலைப் பொங்கி வரும்வரை காய்ச்சி, சின்ன தீயில் கொஞ்ச நேரம் விட்டால் தயிர் கெட்டியாக வரும். பிறகு 43, 44 டிகிரிக்கு ஆறட்டும். சுண்டுவிரலை விட்டுப் பத்து எண்ணும்வரை தாங்கினால் சரி. லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் உறை. சுடுதண்ணீர் ஊற்றிச் சூடாக்கிய அகலவாய் பிளாஸ்கில் ஊற்றி, ஒரு துண்டைச் சுற்றி, எட்டு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அவ்வளவுதான். நான் வந்த புதிதில் இருந்த வீட்டில் ஹீட்டர் கட்டுப்பாடு வீட்டுக்காரர் கையில். ராத்திரி பத்து மணிக்கு நிறுத்திவிடுவார். மூச்சு விட்டால் புகை தெரியும். அந்த வீட்டிலேயே கத்தியால் வெட்டுகிற மாதிரி தயிர் எடுத்தவன் நான். மிளகாய்க் காம்பு போட்டால் உறையும் என்று சிலர் கிளம்புவார்கள். ஒரு டப்பா தயிர் வாங்கக் காசில்லாமலா விமானம் ஏறினார்கள்?

ஓட்ஸ் பாருக்கு இங்கே பிளாப்ஜாக் என்று பேர். காபி கடையில் ஒரு துண்டு இரண்டு, மூன்று பவுண்டு போடுவார்கள். சூப்பர்மார்க்கெட்டின் சொந்த பிராண்டு ஓட்ஸ் அந்தக் காசுக்கு ஒரு கிலோவே வந்துவிடும். பொடியான கஞ்சி ஓட்ஸ் வாங்குங்கள். ஜம்போ என்று பெரிய இதழாக வருவது பிடித்து நிற்காது, உதிரும். 250 கிராம் ஓட்ஸுக்கு 125 கிராம் வெண்ணெய், 100 கிராம் பழுப்புச் சர்க்கரை, மூன்று பெரிய ஸ்பூன் கோல்டன் சிரப், அதாவது தேன் மாதிரி இருக்கும் சர்க்கரைப் பாகு. வெண்ணெய்தான் காசைத் தின்னும், பாதியைக் கடலை வெண்ணெயாக மாற்றலாம். சிரப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். சர்க்கரை மறுபடி கட்டியாகாமல் தடுப்பது அதுதான். முழுக்க வெல்லத்தில் செய்தால் ஆறினதும் இறுகி நொறுங்குகிறது. சர்க்கரை பாதி, வெல்லம் பாதி போட்டால் வெல்ல வாசனையும் கிடைக்கும்.

இதை எனக்குக் கற்றுத்தந்தவர் ஒரு ஸ்காட்டிஷ் அம்மா. முதியோர் இல்லச் சமையலறையில் நான் பாத்திரம் கழுவினேன், அவர் சமையல். எல்லாவற்றையும் மிதமாக உருக்கிக் கிளறி, வெண்ணெய்த்தாள் விரித்த தட்டில் கொட்டி, சுடுதண்ணீரில் முக்கிய ஸ்பூனின் முதுகால் அழுத்தி அழுத்திச் சமன் செய்வார். உள்ளே விசிறி சுற்றுகிற ஓவனில் 160 டிகிரியில் இருபது நிமிஷம் போல. ஓரம் பொன்னிறமாகி நடு இன்னும் தொளதொள என்று இருக்கும்போதே வெளியே எடுத்துவிடுவார். "வேகலையே" என்றால் சிரிப்பார். சூட்டோடு கத்தியால் கோடு போட்டுவிட்டு, ஆறும்வரை யாரையும் தொட விடமாட்டார். அந்தக் காலத்தில் கஞ்சியைக் காய்ச்சி மேசை இழுப்பறைக்குள் ஊற்றி, இறுகியதும் துண்டு போட்டு வேலைக்கு எடுத்துப் போவார்களாம், தன் பாட்டி சொன்னதாகச் சொன்னார். எங்கள் அப்பத்தா கம்பங்கூழை உருண்டை பிடித்து மோரில் போட்டுக் காட்டுக்குக் கொண்டுபோவதை நான் சொன்னேன். என் இங்கிலீஷ் அவருக்கும், அவர் கிளாஸ்கோ பேச்சு எனக்கும் பாதிதான் புரியும். அன்று இரண்டு பேருக்கும் முழுசாகப் புரிந்தது. அதற்குப் பிறகு வேலை முடிந்து கிளம்பும்போதெல்லாம் என் ஜாக்கெட் பையில் ஒரு துண்டு இருக்கும்.

நம்மவர்கள் சிலர் இங்கே வந்து வருஷக்கணக்காகியும் இந்த ஊர் அடுப்பைத் தொடவில்லை. ஊரிலிருந்து வருகிற முறுக்குப் பார்சலுக்குக் காத்திருப்பார்கள், தீர்ந்ததும் பெட்ரோல் பங்க்கில் சிப்ஸ் வாங்குவார்கள். கேட்டால் "நம்ம டேஸ்ட் வராது சார்" என்பார்கள். வராதுதான். அதற்காகப் பசியோடு இருப்பதா?

பொதுச் சமையலறையில் கடலை, எள் போட்டது எதையும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாமல் வைக்காதீர்கள். ஒவ்வாமை இங்கே விளையாட்டில்லை, ஒரு துணுக்கே ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். அப்புறம், மிளகாய் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்துங்கள். கதவு திறந்திருந்தால் புகை காரிடாருக்குப் போய் அலாரம் அடிக்கும், கட்டடமே பைஜாமாவோடு மழையில் நின்று உங்களைப் பார்க்கும்.

பார்ட்டைம் கிடைக்கும், தேட வேண்டும், படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டாதீர்கள். ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்குங்கள். வாடகை பற்றி இப்போது ரூம் தேடி அலைகிற பிள்ளைகளைக் கேளுங்கள், நான் கொடுத்த வாடகையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.